நிக்கலுக்குக் கந்தகம் வேணும்

இந்த இதழ்ல வழக்கமா ரெண்டு காதல் கவிதை வரும், ஒரு ப்ளேஸ்மென்ட் அனுபவம் வரும், மெஸ் சாம்பாரைப் பத்தி ஒரு புலம்பல் வரும். இந்தத் தடவை எனக்குக் கொடுத்த பக்கத்துல நான் கல்லைப் பத்தி எழுதப் போறேன். அவசரப்பட்டு அடுத்த பக்கம் போயிடாதீங்க. இந்தக் கதையில எரிமலை இருக்கு, விண்கல் இருக்கு, ஜெயில் இருக்கு. ஹீரோயின் மட்டும்தான் இல்ல.

எல்.கே.ஜி.யில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு வீட்டுல பேசற மொழி, பத்தாவது வரைக்கும் ஒரு பாடம், அவ்வளவுதான். மெட்டலர்ஜியில நாலு வருஷம் படிச்ச ஒரு வார்த்தையும் தமிழ்ல எனக்குத் தெரியாது. 'இம்மிசிபிள்' அப்படின்னா தமிழ்ல என்னன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசியில 'ஒண்ணோட ஒண்ணு சேராது' அப்படின்னு எழுதினா வேலை முடிஞ்சுது. இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான் இருக்கும். பண்டிதர்கள் கோவிச்சுக்காதீங்க.

சரி, உங்க பக்கத்துல ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கா? நல்ல எவர்சில்வர்னா, அதாவது 304 கிரேடுன்னா, அதுல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நீங்க இதைப் படிக்கற போனுக்குள்ள செப்புக் கம்பி ஓடுது. ரோட்டுல போற எலெக்ட்ரிக் கார்ல பல வகை பேட்டரிக்குள்ள நிக்கல் இருக்கு. நிக்கலும் தாமிரமும் நமக்கு ரெண்டு தனித்தனி உலோகம், பீரியாடிக் டேபிள்ல 28, 29னு பக்கத்துப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். ஆனா பூமிக்கு அடியில ஒரு வகைத் தாதுல இந்த ரெண்டும் கூடப்பிறந்ததுங்க மாதிரி சேர்ந்தேதான் கிடைக்கும். கூடவே பிளாட்டினம், பல்லாடியம்னு சொந்தக்காரங்களும் இருப்பாங்க.

பேருலயே அந்த உறவு இருக்கு. ஜெர்மனியில சாக்ஸனிப் பக்கம் சுரங்கத் தொழிலாளிகள் செம்பு மாதிரி சிவப்பா ஒரு கல்லைப் பார்த்து உலையில போட்டாங்க. செம்பு வரல. விஷப் புகைதான் வந்தது. குட்டிச்சாத்தான் வேலைன்னு முடிவு பண்ணி 'குப்ஃபர்நிக்கல்' அப்படின்னு பேர் வச்சாங்க. குப்ஃபர்னா செம்பு, நிக்கல்னா சாத்தான். 1751ல ஸ்வீடன் நாட்டு க்ரோன்ஸ்டெட் அது புது உலோகம்னு கண்டுபிடிச்சார். செம்பைக் கழட்டி விட்டுட்டு சாத்தானை மட்டும் பேரா வச்சுக்கிட்டோம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நிக்கல் பூமியில அபூர்வமே இல்ல. நம்ம காலுக்குக் கீழ இருக்கற மேன்டில் பாறையில சுமார் 0.2 சதவீதம் நிக்கல்தான். கேட்கறதுக்குக் கம்மியா இருக்கும், ஆனா மேன்டிலோட சைஸை நினைச்சுப் பாருங்க. பிரச்சினை என்னன்னா, அது ஆலிவின்னு ஒரு பச்சைக் கனிமத்துக்குள்ள பரவிக் கிடக்குது. வெட்டி எடுக்கவும் முடியாது, பிரிக்கவும் கட்டுப்படியாகாது. ஒரு ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டு உண்டியல்லயும் ஒரு ரூபா இருக்கற மாதிரி. ஊருக்குள்ள லட்ச ரூபா இருக்கு, யார் போய் வசூல் பண்றது?

வசூல் பண்ற ஆள்தான் கந்தகம்.

மேன்டில் ஓரளவு உருகினா மாக்மா, அதாவது பாறைக்குழம்பு. கொஞ்சமா உருகினா பத்தாது. மேன்டில்ல ஏற்கெனவே கொஞ்சம் சல்ஃபைடு உண்டு. தாமிரமும் பிளாட்டினமும் பெரும்பாலும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கீழேயே உட்கார்ந்திருக்கும். நல்லா உருகி, அந்த சல்ஃபைடு முழுக்கக் கரைஞ்சாத்தான் எல்லாரும் மாக்மாவோட மேல கிளம்புவாங்க. அந்த மாக்மாவுல நிக்கல் 0.02 சதவீதம்னு வைங்க. சுரங்கம் தோண்ட வேணும்னா ஒரு சதவீதம் பக்கமாவது வரணும். ஐம்பது மடங்கு அடர்த்தி கூடணும். யார் கூட்டறது?

இங்கதான் எனக்குப் பிடிச்ச ட்விஸ்ட். மாக்மா கந்தகத்தை ஓரளவுதான் கரைச்சு வச்சுக்கும், சுமார் 0.1 சதவீதம். அதுக்கு மேல போனா, கூடுதல் கந்தகம் இரும்போட சேர்ந்து தனித் துளியா, சல்ஃபைடு திரவமா பிரிஞ்சிடும். ரசத்துல நெய் மாதிரி, ஒண்ணோட ஒண்ணு சேராது. என்ன, நெய் மிதக்கும், இது மூழ்கும். சரி, ஆழத்துல இருந்து மாக்மா மேல ஏற ஏற என்ன ஆகும்? அழுத்தம் குறையும். சோடா பாட்டிலைத் திறந்தா கேஸ் பிரியற மாதிரி கந்தகமும் தானா பிரியும்னுதான் யாருக்கும் தோணும். நடக்கறது நேர் எதிர். அழுத்தம் குறையறப்ப மாக்மாவால இன்னும் அதிகமா சல்ஃபைடைக் கரைச்சு வச்சுக்க முடியும். கீழே வயிறு நிறைஞ்சு கிளம்பின மாக்மா, மேல வரும்போது பசியோட வருது. அதனால சும்மா மேல வந்து ஆறினா நல்ல தாது உருவாகாது. உலகத்துல எரிமலைப் பாறை எவ்வளவோ இருக்கு, நிக்கல் சுரங்கம் கைவிட்டு எண்ணிடலாம்ங்கற அளவுதான் இருக்கு. காரணத்துல பெரிய பங்கு இதுக்குத்தான்.

அப்ப எங்கயாவது வழியில மாக்மா வெளியில இருந்து கந்தகம் சாப்பிடணும்.

ரஷ்யாவுக்குப் போவோம். சைபீரியாவுல, ஆர்க்டிக் வட்டத்துக்கு சுமார் 300 கிலோமீட்டர் வடக்க நோரில்ஸ்க்னு ஒரு ஊர். சுமார் 25.2 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கம் பூமி பிளந்து பசால்ட் குழம்பா கொட்டித் தீர்த்தது. சைபீரியன் ட்ராப்ஸ்னு சொல்வாங்க. லட்சக்கணக்கான கன கிலோமீட்டர் எரிமலைக் குழம்பு. அந்த மாக்மா மேல வர்ற வழியில ரெண்டு விஷயம் அடுக்கடுக்கா காத்துக்கிட்டிருந்தது. ஒண்ணு, பழைய கடல் வத்தி மிஞ்சின உப்புப் படிவு. அதுல அன்ஹைட்ரைட், அதாவது கால்சியம் சல்ஃபேட். இன்னொண்ணு நிலக்கரி. சல்ஃபேட்டை சல்ஃபைடா மாத்த கார்பன் வேணும்னு பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரியே போதும். கந்தகமும் அதைக் குறைக்கற கரியும் ஒரே வழியில. ஏதோ பந்தி போட்டு வச்ச மாதிரி.

இது வெறும் ஊகம் இல்லன்னு எப்படித் தெரியும்? கந்தகத்துல 32, 34னு ரெண்டு ஐசோடோப் முக்கியம். மேன்டில் கந்தகத்துல இந்த ரெண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதை சுழின்னு வச்சுக்குவாங்க. நோரில்ஸ்க் தாதுல அளந்தா கனமான கந்தகம் ஆயிரத்துக்கு 8, 10, 12னு கூடுதலா நிக்குது. கடல் உப்போட கைரேகை அது. மாக்மா எங்க சாப்பிட்டதுன்னு பில்லோட மாட்டிக்கிச்சு.

துளி பிரிஞ்சதும் நிக்கலும் தாமிரமும் அந்த சல்ஃபைடுக்குள்ள ஓடிடும். மாக்மாவுல இருக்கறதை விட நிக்கல் சில நூறு மடங்கு, தாமிரம் ஆயிரம் மடங்கு பக்கம், பல்லாடியம், பிளாட்டினம் லட்சம் மடங்கு வரைக்கும் அதுக்கும் மேலயும் சல்ஃபைடை விரும்பும். ஆனா விருப்பம் மட்டும் இருந்தா போதுமா? துளி ஒரே இடத்துல நின்னா பக்கத்துல இருக்கற மாக்மாவை மட்டும்தான் வசூல் பண்ண முடியும். நிறைய மாக்மா அதைக் கடந்து போகணும். ஒரு பங்கு சல்ஃபைடு எத்தனை பங்கு மாக்மாவோட பழகிச்சுங்கறதுக்கு 'ஆர் ஃபேக்டர்'னு பேர். 1979ல கேம்ப்பெல், நால்ட்ரெட்னு ரெண்டு பேர் எழுதின சமன்பாடு. ஒரே வரிதான். நான் ஹாஸ்டல்ல கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். நிக்கலோட விருப்பம் 500 மடங்கு, பல்லாடியத்தோடது லட்சம் மடங்குன்னு வைங்க. ஒரு பங்குக்கு 100 பங்கு மாக்மான்னா நிக்கல் 84 மடங்கு சேரும், பல்லாடியம் 101 மடங்கு. அதுவே 10,000 பங்கு மாக்மான்னா நிக்கல் 476 மடங்கு, பல்லாடியம் கிட்டத்தட்ட 9,100 மடங்கு! மாக்மா நூறு மடங்கு கூடினப்ப நிக்கல் ஆறு மடங்கு கூட ஏறல, பல்லாடியம் தொண்ணூறு மடங்கு ஏறிடுச்சு. உலகத்துப் பல்லாடியத்துல சுமார் 40 சதவீதம் ஏன் நோரில்ஸ்க் கம்பெனி ஒண்ணுகிட்ட இருந்து வருதுங்கறதோட வேர் இந்த ஒரு வரிக் கணக்குலதான் இருக்கு. பரீட்சைக்காக இல்லாம நான் போட்ட முதல் கணக்கு இதுவாத்தான் இருக்கும்.

நோரில்ஸ்க்ல தாது இருக்கற பாறை உடம்பு ரொம்பச் சின்னது. சில நூறு மீட்டர் கனம், கிலோமீட்டர் கணக்குல நீளம், படுத்துக் கிடக்கற குழாய் மாதிரி. அதோட அடியில சில இடங்கள்ல பல பத்து மீட்டர் கனத்துக்கு சுத்தமான சல்ஃபைடு. அவ்வளவு சின்னக் குழாய்க்குள்ள இருக்கற மாக்மாவால இவ்வளவு உலோகம் கொடுத்திருக்கவே முடியாது. அப்ப அந்தக் குழாய் வழியா இன்னும் எவ்வளவோ மாக்மா ஓடிப் போயிருக்கணும். எங்க போச்சு? மேல எரிமலைக் குழம்பா கொட்டியிருக்கு. அந்தக் குழம்புப் பாறை அடுக்குகள்ல நடெஸ்டின்ஸ்கின்னு ஒரு தொகுதியை எடுத்து அளந்தாங்க. இருக்க வேண்டிய நிக்கல்லயும் தாமிரத்துலயும் சுமார் முக்கால் பங்கு காணோம். பிளாட்டினம் வகை உலோகங்கள் இன்னும் மோசம். மேல காணாமப் போன கணக்கும் கீழ கிடைச்ச புதையலும் ஒண்ணையொண்ணு கை காட்டுது. (ஒரே வயசுதானா, அதே குழம்புதானா, குழாய்ல எந்தத் திசையில ஓடிச்சுங்கறதுல எல்லாம் இன்னும் சண்டை நடக்குது. ஜியாலஜிக்காரங்க சண்டை நம்ம சிம்போசியம் சண்டையை விட நல்லா இருக்கும்.)

அந்தக் குழாய் அகலமாகற இடத்துல ஓட்டம் வேகம் குறையும். வாய்க்கால் விரியற இடத்துல மணல் தங்கற மாதிரி கனமான சல்ஃபைடு அங்க தங்கிடும். அப்புறம் மெதுவா ஆறும். முதல்ல இரும்பும் நிக்கலும் நிறைஞ்ச படிகம் உறையும். தாமிரம் அதுல சேரப் பிடிக்காம மிச்சத் திரவத்துலயே இருந்து கடைசியில கீழ இருக்கற பாறை விரிசலுக்குள்ள நுழைஞ்சு உறையும். இன்னும் ஆறினதும், கெட்டியான கல்லுக்குள்ளேயே நிக்கல் தனியா பிரிஞ்சு பென்ட்லாண்டைட்ங்கற கனிமமா நிக்கும். திரவமே இல்லாம, கல்லுக்குள்ள கல் பிரியுது. மைக்ரோஸ்கோப்ல பார்த்தா பழுப்பு நிற பிர்ரோடைட்டுக்குள்ள நெருப்பு நாக்கு மாதிரி மஞ்சளா தெரியும். நேர்ல பார்த்தா நீங்களும் கொஞ்ச நேரம் பேசாம இருப்பீங்க.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப இதையெல்லாம் எங்க அப்புச்சிகிட்ட சொன்னேன். எங்க ஊர் திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையம். பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். அம்மாவோட அப்பா, நாப்பது வருஷம் பித்தளை, செம்புன்னு அடிச்சு, கடைசி காலத்துல எவர்சில்வருக்கு மாறினவர். காது கொஞ்சம் மந்தம், பட்டறைச் சத்தம் பண்ணின வேலை. அதனால சத்தமா சொல்லணும், பக்கத்து வீடு வரைக்கும் மாக்மா போயிருக்கும்.

ரசத்துல நெய்னு நான் ஆரம்பிச்சதுமே அவர் கையைக் காட்டி நிறுத்திட்டார்.

"இதுல என்ன கண்ணு அதிசயம்? பழைய பாத்திரத்தைப் போட்டு உருக்கினா கசடு மேல மெதக்கும், உலோகம் கீழ நிக்கும். அதானே சொல்ற?"

அதேதான். ஒரு நிக்கல் ஆலைக்குள்ள போனா உலையில மேல சிலிக்கேட் கசடு, கீழ நிக்கலும் தாமிரமும் சேர்ந்த சல்ஃபைடு, அதுக்கு 'மேட்'னு பேர். 1200 டிகிரி பக்கம் ரெண்டும் திரவம், ஒண்ணோட ஒண்ணு சேராது. 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமி பண்ணின அதே உருக்கு வேலையை நாம மறுபடி பண்றோம். நாலு செமஸ்டர் நான் தனித்தனியா படிச்ச ஜியாலஜி எலெக்டிவ்வும் எக்ஸ்ட்ராக்டிவ் மெட்டலர்ஜியும் ஒரே பாடம்னு அந்தத் திண்ணையிலதான் எனக்கு உறைச்சது.

ஆனா அவர் அதோட விடல. "ஏங்கண்ணு, கந்தகம்னா பொகை வருமே. மூக்கைப் பொசுக்கும். அது எங்க போகுது?"

"காத்துல போகுதுங் அப்புச்சி" அப்படின்னேன்.

"காத்துலன்னா? அங்க யாரும் குடியிருக்கலையா?"

குடியிருக்காங்க. 1935ல சோவியத் அரசு நோரில்ஸ்க்ல கைதி முகாம் ஆரம்பிச்சது. 1956 வரைக்கும் அது நடந்தது. அந்தச் சுரங்கமும் ஆலையும் கைதிகள் கட்டினது. அதுல எனக்கு மறக்க முடியாத ஆள் நிக்கோலாய் உர்வான்ட்செவ். 1919ல இருந்து அங்க போய்த் தாதுவை ஆராய்ச்சி பண்ணின ஜியாலஜிஸ்ட். அந்த ஊரோட முதல் வீட்டை 1921ல அவர் குழுதான் கட்டிச்சு. 1938ல அவரையே கைது பண்ணி, கடைசியில எந்த நோரில்ஸ்க்கைக் கண்டுபிடிச்சாரோ அந்த முகாமுக்கே கைதியா அனுப்பினாங்க. கைதியாவே அங்க ஜியாலஜி வேலை பார்த்தார். 1950கள்லதான் குற்றமில்லைன்னு சொல்லி விட்டாங்க. 1985ல இறந்தார். அவர் அஸ்தி நோரில்ஸ்க்லதான் இருக்கு. அவர் அந்த ஊரை வெறுத்தாரா இல்லையான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

இன்னிக்கு அங்க ஒண்ணே முக்கால் லட்சம் பேர் பக்கம் வாழறாங்க. மத்த ரஷ்யாவோட ரோடு கிடையாது, ரயில் கிடையாது. சல்ஃபைடை எரிச்சா கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடா போகும். பல வருஷம் ஆண்டுக்கு கிட்டத்தட்ட 18, 19 லட்சம் டன் அந்த ஒரே ஊர்ல இருந்து வானத்துக்குப் போனது. சுத்தியிருந்த லார்ச் காடு பல கிலோமீட்டருக்குக் குச்சி குச்சியா செத்து நிக்குது. 2016ல ஊருக்குள்ள இருந்த பழைய நிக்கல் ஆலையை மூடினாங்க. 2023ல இன்னொரு ஆலையில கந்தகத்தைப் பிடிக்கற வேலை ஆரம்பிச்சது. நடுவுல 2020 மே 29, ஒரு மின் நிலையத்தோட டீசல் டேங்க் உடைஞ்சு சுமார் 21,000 டன் டீசல் கொட்டி, அம்பர்னயா ஆறு சிவப்பா ஓடினது சாட்டிலைட்ல தெரிஞ்சது. உலோகத்தைத் துளித் துளியா சேர்த்துக் கொடுத்த அதே கந்தகம்தான் அந்தக் காட்டைக் கொன்னது. அந்த உப்புப் படிவு இல்லன்னா சுரங்கமும் இல்ல, இந்தப் புகையும் இல்ல.

நிக்கலே ஒரு தடவை உலகத்தைக் கொன்னிருக்கலாம்னு கூட ஒரு கருதுகோள் இருக்கு. சைபீரிய எரிமலை பொங்கின அதே காலத்துலதான் பெர்மியன் பேரழிவு. கடல் உயிரினங்கள்ல சுமார் 90 சதவீதம் அழிஞ்சதுன்னு சொல்வாங்க. மீத்தேன் உண்டாக்கற ஒரு வகை நுண்ணுயிருக்கு நிக்கல் அவசியம். எரிமலையில இருந்து கடலுக்குப் போன நிக்கலைச் சாப்பிட்டு அது பெருகி, மீத்தேனைக் கக்கி, அழிவைப் பெருசாக்கிச்சுன்னு 2014ல ராத்மன்னு எம்.ஐ.டி. பேராசிரியரோட குழு எழுதிச்சு. முடிவான விடை இல்ல இது. எரிமலைக் கரியமில வாயுவும் வெப்பமுமே போதும்னு சொல்றவங்கதான் அதிகம். சாத்தான்னு பேர் வச்ச அந்தத் தொழிலாளிகள் கேட்டா சந்தோஷப்படுவாங்க.

புகைன்னதும் உங்க மனசு தூத்துக்குடிக்குப் போயிருக்கும். என் மனசும் போச்சு. அங்க வந்தது வெளிநாட்டுத் தாமிரத் தாது, வேற விதமா உருவானது. ஆனா கந்தகம் அதே கந்தகம்தான். 2018 மே மாசப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல அந்தப் பேரை எடுத்தாலே ரெண்டு கட்சி. 'ஆலை இல்லாம செம்பு எங்க இருந்து வரும்?' ஒரு கட்சி. 'உன் வீட்டுப் பக்கத்துல வச்சுக்கோ' இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் கத்துவோம், அப்புறம் டீ குடிக்கப் போயிடுவோம். அப்புச்சி கேட்ட கேள்வி எங்க சிலபஸ்ல கடைசி யூனிட்ல, கடைசி ரெண்டு பக்கத்துல இருக்கு. அந்த யூனிட்டை நம்மாளுங்க எல்லாரும் சாய்ஸ்ல விடுவோம்.

சரி பண்ணவே முடியாதான்னா, முடியும். கனடாவுல சட்பரின்னு ஒரு ஊர். இந்தக் கட்டுரையில நான் சொன்ன விண்கல் இதுதான். 185 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு விண்கல் மோதி, சுமார் 200 கிலோமீட்டர் அகலக் குழி விழுந்தது. மேலோட்டுப் பாறையே உருகிக் குளமாச்சு. மேன்டில் மாக்மாவுக்கு வேலையே வைக்காம, அந்தக் குளத்துல சல்ஃபைடு பிரிஞ்சு அடியில தங்கினது. 1883ல ரயில் பாதை போடறப்ப அது வெளியில வந்தது. ஆரம்பத்துல தாதுவை விறகு மேல அடுக்கி மாசக்கணக்குல திறந்தவெளியில எரிச்சிருக்காங்க. மரம் போச்சு, மண்ணு போச்சு, பாறை கருப்பாச்சு. ஊர் நிலா மாதிரி மொட்டையா இருந்ததாலதான் நாசா அங்க பயிற்சிக்கு வந்ததுன்னு ஒரு கதை உண்டு. உண்மையில அப்போலோ 16, 17 ஆட்கள் வந்தது விண்கல் மோதின பாறை எப்படி இருக்கும்னு படிக்க. (நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலயும் மாக்மா ஆறி உருவான பழைய அனார்த்தசைட் பாறை இருக்கு. நிலாப் பாறை ஜாடை. சந்திரயான் சோதனைக்கு நிலா மண் மாதிரி செய்ய இஸ்ரோ அதைத்தான் அரைச்சது.)

1972ல சட்பரியில 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினாங்க. எங்க அப்புச்சி கிட்ட சொன்னா சிரிப்பார். ஊருக்கு மேல இருந்த புகையை அடுத்த ஊருக்கு அனுப்பற வேலைதானே அது. நிஜமா மாறினது, கந்தகத்தைப் பிடிச்சு கந்தக அமிலமா மாத்த ஆரம்பிச்சப்பதான். உமிழ்வு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. 2020ல அந்தப் புகைபோக்கியையே நிறுத்திட்டாங்க. 1978ல இருந்து காலேஜ் பசங்க கோடை லீவுல சுண்ணாம்பு மூட்டையைச் சுமந்து போய்க் கையால பாறை மேல தூவினாங்க. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு, அப்புறம் புல், அப்புறம் மரம். இதுவரைக்கும் ஒரு கோடி மரம் பக்கம் நட்டிருக்காங்க. கந்தகம் பிடிக்கற டெக்னாலஜி ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. யார் பணம் போடறது, யார் கண்காணிக்கறதுங்கறதுதான் கேள்வி. இதுல எனக்கு எந்தக் கட்சியும் இல்லன்னு சொல்ல மாட்டேன். பிடிக்க முடியற கந்தகத்தைப் பிடிக்காம விடற ஆலையை நான் ஆதரிக்க மாட்டேன், செம்பு எவ்வளவு அவசியமா இருந்தாலும்.

இப்ப உலக நிக்கல்ல பாதிக்கு மேல இந்தோனேசியாவுல இருந்து வருது. அது சல்ஃபைடு இல்ல, மழையில இத்துப் போன செம்மண் வகை லேட்டரைட். அங்க கந்தகப் புகைக்குப் பதிலா காடு போகுது, நிலக்கரி எரியுது. நம்ம நாட்டுல ஒடிசாவோட சுகிந்தாவுல குரோமைட்டுக்கு மேல இருக்கற மண்ணுல நிக்கல் இருக்கு. அதை லாபமா பிரிக்கறது இன்னும் பெருசா நடக்கல, தேவையான நிக்கலை ஏறக்குறைய முழுசாவே இறக்குமதி பண்றோம்.

இதையெல்லாம் ஏன் இப்ப எழுதறேன்? எனக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர் இருக்கு. ஜூன்ல சேரணும். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், லோன் இருக்கு. இன்னொரு பக்கம் மேற்படிப்புக்கு ஒரு இடம் வரலாம்னு இருக்கு. உலைக் கசடுல வீணாப் போற நிக்கலைத் திரும்ப எடுக்கற வேலை, என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் அதுதான். பதில் சொல்ல இன்னும் மூணு வாரம். அம்மா 'உன் இஷ்டம்'னு சொல்றாங்க, அந்தக் குரல்லயே லோன் தெரியுது. நீங்க யாராவது இதே மாதிரி நிக்கறீங்கன்னா எழுதுங்க, சேர்ந்து முழிப்போம்.

அதுக்கு நடுவுல இன்னொரு கேள்வியும் என்னை விடல. சைபீரியன் ட்ராப்ஸ் மாதிரியே நம்ம நாட்டுல டெக்கான் ட்ராப்ஸ் இருக்கு. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி கொட்டின பசால்ட், மகாராஷ்டிராவோட பெரும்பகுதியில பரவிக் கிடக்குது. அதே மாதிரி வெள்ளமா வந்த மாக்மா. ஆனா இன்னொரு நோரில்ஸ்க் இதுவரைக்கும் கிடைக்கல. அடியில பெரும்பாலும் பழைய கிரானைட், நீஸ். அதுல சாப்பிடக் கந்தகம் அவ்வளவா இல்ல. சில இடங்கள்ல கோண்டுவானா நிலக்கரிப் படிவுகள் இருக்கு. அந்த வழியா வந்த மாக்மா என்ன பண்ணிச்சு?

போன மாசம் புனே பக்கம் இருந்து வந்த ஃப்ரெண்டு ஒரு கைப்பிடி அளவு பசால்ட் கல் கொண்டு வந்து கொடுத்தான். இப்ப என் டேபிள்ல பேப்பர் வெயிட்டா இருக்கு. அதுல எவ்வளவு நிக்கல் இருக்கு, இருக்க வேண்டியதை விடக் குறைவான்னு பார்க்க எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின்ல ஸ்லாட் கேட்டிருக்கேன். ஒரே ஒரு கல்லை வச்சு டெக்கானைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுன்னு லேப் அண்ணன் சிரிக்கறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மெஷின் ஃப்ரீ. கல்லைப் பொடி பண்ணணும், அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கணும்.